அத்தானின் பிளாஸ்டிக் கோட்டைகள்

அத்தானின் முன்னறைக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. வாசலில் ஒரு ஈரத்துணி கிடக்கும். அதில் காலைத் துடைக்க வேண்டும். பிறகு சட்டையைத் தட்ட வேண்டும். "தம்பி, குறை நினையாதேங்கோ, உங்கட சட்டையில சீமெந்துத் தூள் இருக்கும். இடுக்குக்குள்ள போனால் எடுக்கிறது பெரிய கரைச்சல்" என்பார். அந்த வீடு நான் கட்டிக் கொடுத்த வீடு. அத்திவாரம் வெட்டின நாளில் இருந்து கடைசிக் கதவு பொருத்தின நாள் வரைக்கும் வெயிலில் நின்றவன் நான். அந்தச் சீமெந்துத் தூளால்தான் அவருடைய தலைக்கு மேல் ஒரு கூரை நின்றது. ஆனாலும் நான் வாசலில் நின்று சட்டையைத் தட்டினேன், ஏனென்றால் அவர் என் அக்காவின் புருஷன். இந்த ஊரில் வேறு எவன் வீட்டு வாசலிலும் நான் அப்படி நின்றதில்லை.

உள்ளே இருந்தவை கோட்டைகள். பிளாஸ்டிக் கல்லால் கட்டின இருபத்திரண்டு கோட்டைகள். ஒவ்வொரு கல்லும் நகத்தளவு, பெரியதென்றால் பெருவிரல் அளவு. மேலே குமிழ், கீழே பள்ளம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமத்தினால் பிடித்துக்கொள்ளும். சாந்தில்லை, தண்ணீரில்லை, தூக்குக்குண்டு இல்லை. வெள்ளைக்காரன் ஊரில் முற்காலத்து அரசர்கள் இருந்த கோட்டைகளாம். நூலை இழுத்தால் ஏறி இறங்குகிற பாலம், கொடி குத்தின கோபுரங்கள், விரற்கணு உயரத்தில் இரும்புத் தொப்பி போட்ட வீரர்கள், அவர்கள் ஏறுகிற குதிரைகள், நிலவறைக்குள் தாடி வைத்த ஒரு கைதி. வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளிக்கும் என்று யன்னல் சீலையை எந்நேரமும் இழுத்து மூடியிருப்பார். கடற்காற்று வருகிற பக்கம் பார்த்து நான் வைத்துக் கொடுத்த யன்னல் அது. பெட்டிகளைக்கூட எறியமாட்டார். தட்டையாக மடித்து அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருப்பார். கட்டுவதற்குப் படம் போட்டு வருகிற புத்தகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி உறை. இங்கிலிசு படித்த மனிசன், துறைமுகத்தில் முப்பது வருடம் வெள்ளைச் சட்டை போட்ட கிளாக்கர், கதிரை நுனியில் குனிந்திருந்து, சிறிய இடுக்கியால் ஒரு பொம்மையின் கைக்குள் ஈட்டி செருகுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் கோட்டைக்கென்ன பஞ்சமா? வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் முழுக்கக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறது. அதன் நிழலில் மான் படுத்திருக்கும். பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டுதான் வெள்ளைக்காரன் கட்டினான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எங்களுக்கு நேரே பீரங்கியை வைத்தவன் கோட்டை. அதை வீட்டுக்குள் சின்னதாகக் கட்டி வைத்துப் பூசை செய்கிற ஆளை நான் வேறெங்கும் காணவில்லை. ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்: "அத்தான், கோட்டை பாக்க ஆசையெண்டால் பின்னேரம் வெளிக்கிடுங்கோ. மோட்டச்சைக்கிளில கொண்டுபோய்க் காட்டுறன்."

"அது பழசாகி இடியுது தம்பி."

"இது மட்டும் என்ன, கை பட்டால் விழுகிற சாமான்தானே."

"ஓம். ஆனால் இதைத் திரும்பக் கட்டலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்காதது. படித்தவர்களுக்கு இருக்கிற சிரிப்பு. உனக்கு விளங்காது, பரவாயில்லை என்கிற சிரிப்பு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா போன பிறகு அன்புவழிபுரத்தில் லொறியில் இருந்து மணல் இறக்கினேன். தலையில் மணல் சுமக்கிற தாச்சி, தாச்சிக்குக் கீழே ஒரு துண்டு, அவ்வளவுதான் என் முதல். அச்சில் சீமெந்துக் கல் அரியப் பழகினேன். எவ்வளவு மணலுக்கு எவ்வளவு சீமெந்து, எந்தப் பதத்தில் தண்ணீர், அச்சை எந்த நேரம் தூக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டவில்லை. இன்றைக்கு உட்துறைமுகப் பக்கத்தில் என் சீமெந்துக் கல் வளவைக் கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து சம்பூருக்குத் திரும்பிப் போன சனம் கட்டின வீடுகளில் எத்தனையோ வீட்டுச் சுவர் என் கல். லொறியின் மேலே ஏறி நின்று என் கல் ஒன்றைக் கீழே போட்டுப் பாருங்கள், மூலை உடைந்தால் வந்து என்னிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கல்லைக் காட்டி "இதின்ர அளவு எவ்வளவு துல்லியம் பாருங்கோ" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் கொட்டாவி விட்டேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்ததென்றால், கோதுமைக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தன் பிள்ளைக்கு வாங்கினதோ என்னவோ, ஒரு பெட்டியை அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அத்தானுக்கு ஒரே மகள். அவளுக்கென்று கொண்டுவந்தவர், அவள் இரண்டு நாளில் அலுத்துப்போய் எழும்பிப் போக, தான் இருந்துவிட்டார். பிறகு கப்பல்காரர்களிடம் சொல்லி எடுப்பித்தார். மகள் கனடா போன பிறகு வருடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. தாய்க்கு ஒரு சேலை, தகப்பனுக்கு ஒரு கோட்டை. பெட்டி வருகிற கிழமை அவரோடு ஒன்றும் கதைக்க முடியாது. ஒருமுறை முகம் தொங்கிப் போயிருந்தார். என்ன, மகளுக்கு ஏதும் வருத்தமோ என்று நான் பதறிக் கேட்டால், புதுக் கல்லின் சாம்பல் நிறம் பழைய கல்லின் சாம்பல் நிறம் இல்லையாம், கொம்பனி மாற்றிவிட்டானாம், இனிப் பழைய கோட்டைக்குப் புதுக் கல் பொருந்தாதாம். அக்கா குசினிக்குள் இருந்து சொன்னா: "ஆர் செத்த வீடெண்டு கேள் தம்பி. மூண்டு நாளாய்ச் சோறும் தொண்டைக்குள்ள இறங்கேல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தா. அவவுக்கு அந்தப் பைத்தியத்தில் ஒரு இரக்கம் இருந்தது. எனக்கு இருக்கவில்லை. சாம்பலில் இரண்டு சாம்பல் பார்க்கிற கண், வீட்டுப் பின்சுவரில் வெடிப்பு ஓடுவதைப் பார்க்கவில்லை. அதையும் நான்தான் போய்ப் பூசினேன்.

அக்கா விழுந்தது ஒரு காலைப்பொழுது. கோலம் போடக் குனிந்தவ அப்படியே சரிந்துவிட்டா. பாரிசவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை. அத்தான் கட்டிலடியை விட்டு அசையவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஒரு திங்கட்கிழமை டொக்டர் சொன்னார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் படி ஏறக்கூடாது, கீழ்த்தளத்தில் அறை வேண்டும், அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும் என்று. வீட்டில் படுக்கையறைகள் மேலே. கீழே கூடம், குசினி, முன்னறை. குளியலறை சேர்க்கக்கூடிய இடம் முன்னறை மட்டும்தான்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து அத்தானிடம் சொன்னேன். மனிசன் மறுக்கவில்லை. "ஓம் தம்பி, வேற வழியில்லை. நான் வந்து கழட்டித் தாறன். ஒவ்வொரு கோட்டைக்கும் ஒவ்வொரு பை, நம்பர் போட்டு."

"எவ்வளவு நாள் செல்லும்?"

யோசித்தார். "ஒண்டுக்கு இரண்டு நாள் எண்டு வையுங்கோவன்."

நான் கணக்கில் கெட்டிக்காரன். நாற்பத்து நாலு நாள். அக்கா வர நாலு நாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த நோயாளியின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கும் விளங்கிவிட்டது. சட்டைப் பையில் இருந்து வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "அப்ப நீங்களே தூக்கி வையுங்கோ. ஒண்டுதான் கேக்கிறன். ஒரு கல்லும் விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

ஒரு கல்லும் விழக்கூடாது. இதைத்தான் சொன்னார். இதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

என்னோடு இருபது வருடமாக வேலை செய்கிற கிண்ணியா மேசன், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் மனிசன், அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கோட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசல் வரைக்கும் வரவில்லை, ஒரு கோபுரம் கழன்று நானாவின் கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து பத்துப் பதினைந்து கல் தரையில் சிதறி ஓடியது. தேடிப் பொறுக்கி, இருந்தபடியே வைத்து முடிக்க எங்களுக்கு அரை மணித்தியாலம். இதை லொறியில் ஏற்றி, அந்தப் பள்ளமும் கிடங்குமான தெருவால் வளவுக்குக் கொண்டுபோவதா? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லொறிக்குள் பைப் கம் தகரம் இருந்தது, தண்ணீர்க் குழாய் பொருத்துகிறபோது பூசுகிற பசை. ஒட்டினால் ஒட்டினதுதான். பொருத்துக்குப் பொருத்துத் தூரிகையால் தடவிவிட்டால் பிறகு கோட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அசையாது.

நானா தகரத்தைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார். "மொதலாளி, இது கழட்டிக் கழட்டிப் பூட்டுற சாமான் மாதிரிக் கிடக்கு. ஒட்டினா ஒங்கட மச்சான் ஏசமாட்டாரா?"

"நானா, நீங்க செவர் வெச்சா அதக் கழட்டுறதுக்கா வெக்கிற?" என்று அவருடைய பேச்சு வழக்கிலேயே கேட்டேன்.

"அது சரிதான். இருந்தாலும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்களன்."

நான் கேட்கவில்லை. கட்டில்லாத கட்டடத்துக்குக் கட்டுப் போடுவதற்கு ஒரு கிளாக்கரிடம் உத்தரவு கேட்கிற நிலையில் நான் இல்லை. நானாவைச் சுவர் உடைக்க விட்டுவிட்டு, நானே கதிரையைப் போட்டு இருந்து பூசினேன். இரண்டு பகல். கண்ணெரிவு, தலையிடி. மதிலுக்கு மதில், கோபுரத்துக்குக் கோபுரம், குதிரையின் காலைக்கூட விடவில்லை. வேலை என்று வந்தால் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. புதன்கிழமை பின்னேரம் இருபத்திரண்டையும் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் வளவுக் கொட்டிலில் பலகையடித்து அடுக்கினேன். ஒரு கல் விழவில்லை. வெள்ளிக்கிழமை காலை அறையும் முடிந்தது. குளியலறைக்குப் புதுக் கதவு, தரைக்கு வழுக்காத ரைல்ஸ், சுவரில் பிடித்து எழும்பக் கம்பி, வாசலில் தள்ளுகதிரைக்குச் சாய்வு. நாலு நாளில் அப்படி ஒரு வேலையை இந்த மாவட்டத்தில் செய்து காட்டட்டும் பார்ப்போம்.

அக்காவைக் கொண்டுவந்து இறக்கினோம். அறையைச் சுற்றிப் பார்த்தா. யன்னல் திறந்திருந்தது, காற்று வந்தது. "அவற்ற சாமானெல்லாம் எங்க?" என்றுதான் முதலில் கேட்டா. வாய் கொஞ்சம் கோணி, சொல் குழறியது.

"என்ர வளவில பத்திரமாய் இருக்கு."

அத்தான் என் இரண்டு கையையும் பிடித்தார். "பெரிய உதவி தம்பி" என்றார். அக்காவைக் கலியாணம் கட்டி நாற்பது வருடத்தில் அவர் என் கையைப் பிடித்த முதல் நாள். வாசலில் கிடந்த ஈரத்துணியை நான்தான் எடுத்து எறிந்தேன்.

மூன்றாம் நாள் அத்தான் இரண்டு பிளாஸ்டிக் பேசினோடு வளவுக்கு வந்தார். ஆறுதலாக ஒவ்வொன்றாய்க் கழற்றி வைக்கப் போகிறாராம். நான் கல் காய வைத்த இடத்தில் நின்று, கல் இறுகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். கொட்டிலுக்குள் இருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகத்தால் நெம்பினார். பிறகு சட்டைப் பையில் இருந்த சின்ன ஆப்பு ஒன்றை எடுத்து இடுக்குக்குள் விட்டார். போகவில்லை. கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பொருத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"பைப் கம். குழாய்க்குப் போடுறது. இனி அசையாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும். குதிரைக்கும்."

அடுக்கியிருந்த சீமெந்துக் கல்லின் மேல் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கதைத்திருப்பேன். வைத்திருந்தேன், நாற்பது வருடத்துக்கானது. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "கட்டுறது பாதி தம்பி. மற்றப் பாதி கழட்டுறது" என்றார். அவ்வளவுதான். பேசினை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

அடுத்த நாள் ஒரு சவர அலகோடு வந்தார். அதற்கடுத்த நாள் மெல்லிய வாள் அலகு. காலை எட்டு மணிக்கு வந்தால் பின்னேரம் வரைக்கும் அந்தக் கொட்டிலுக்குள்தான். மூன்று கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் கிடந்த மனிசன், அக்காவைச் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு, பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். ஒன்று கழன்றால் பத்து உடைந்தது. எழுபது வயதில் ஒரு ஆம்பிளை விளையாட்டுச் சாமானுக்குத் துக்கம் கொண்டாடுவதா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை நான் ஒளிக்கவும் இல்லை. ஒருநாள் கொட்டில் வாசலில் நின்று, "கனடாவுக்குச் சொல்லி இன்னொரு பெட்டி எடுப்பியுங்கோவன்" என்றேன். அவர் அடுத்த பொருத்துக்குள் அலகை விட்டார்.

பத்தாம் நாளோ என்னவோ, அக்காவைப் பார்க்கப் போனேன். நான் கட்டின அறையில் தனியாகக் கிடந்தா. கம்பி, ரைல்ஸ், காற்று எல்லாம் இருந்தது. "அறை நல்லா இருக்கு தம்பி" என்றா. "அந்த மனிசனை ஒருக்கா இதுக்குள்ள வரச் சொல்லு. நான் வந்த நாளில இருந்து வாசலில நிண்டு பாத்துப்போட்டுப் போறார். கூடத்தில படுக்கிறார்."

எனக்கு அது தெரியாது. நேரே வளவுக்குப் போனேன். அத்தான் குனிந்தபடியே இருந்தார். விரல் நுனிகளில் பிளாஸ்ரர் சுற்றியிருந்தார், அலகு வெட்டின இடங்கள்.

"அக்கா கூப்பிடுறா" என்றேன்.

"வாறன். தம்பி, நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள். சொல்லுங்கோ. இதைக் கழட்ட ஏதும் வழி இருக்கோ?"

என்னிடம் வீடு கட்ட வந்த எந்த மனிசனுக்கும் நான் இல்லையென்று சொன்னவனில்லை. சதுப்பில் அத்திவாரம் கேட்டாலும் போட்டுக் கொடுத்தேன், பாறையில் கிணறு கேட்டாலும் வெட்டிக் கொடுத்தேன். அந்தத் தொழிலை அவர் அன்றைக்குத்தான் மதித்துக் கேட்டார். அந்தப் பசை இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும், பிறகு அது இரண்டு கல் இல்லை, ஒரு கல்.

"ஏலாது அத்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். அலகைப் பேப்பரில் சுற்றி வைத்தார். தண்ணீர்த் தொட்டியடியில் கையைக் கழுவிவிட்டு வந்து என் மோட்டச்சைக்கிளில் பின்னால் ஏறினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நாலு நாளில் அறை வேண்டியிருந்தது, அறை வந்தது. இன்றைக்கும் யாரும் வந்து கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் அவர் அறைக்குள் போனார். கட்டிலோரத்தில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத கை, முழங்காலில் சும்மா கிடந்தது. அக்கா தன் வலது கையால் இடது கையைத் தூக்கி அவர் மடியில் போட்டா, ஒரு சாமானை எடுத்துக் கொடுப்பதுபோல. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற பெண்பிள்ளை, அந்த விரல்களை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாய் மடக்கி நிமிர்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தா. சம்பளத்துக்கு வந்த பெண் இரண்டு தரம் செய்துவிட்டு விட்டுவிட்டாள். அத்தான் தொடங்கினார். பெருவிரல், பிறகு அடுத்தது. எங்கே இறுகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நிறுத்தி, பொறுத்து, இளகின பிறகு மெல்ல விடுவார். ஒரு விரலைத் தப்பவிடமாட்டார். முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. காலை ஒருதரம், பின்னேரம் ஒருதரம். ஒன்றரை வருடம் அப்படியே. அக்காவுக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கிற அளவுக்குக் கை வந்தது. டொக்டரே எதிர்பார்க்கவில்லையாம். வேறு வேலை இல்லாத மனிசன், செய்தார் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.

போன வருடம் அத்தான் போய்விட்டார். நித்திரையில் போனார், அந்த அறையில்தான். கோட்டைகள் இன்னும் என் வளவுக் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவர் சுரண்டிச் சிதைத்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நான் வைத்தபடி நிற்கின்றன. கல் எடுக்க வருகிறவர்களுக்குக் காட்டுவேன். படித்த மனிசன் முப்பது வருடம் வீணாக்கினதைப் பாருங்கள் என்பேன். அவர்களும் சிரிப்பார்கள்.

பின்னேரம் வளவைப் பூட்டிவிட்டு அக்காவிடம் போகிறேன். இரண்டு நாள் விட்டாலே அவவின் விரல்கள் திரும்ப மடங்கி இறுகிவிடும். கையை நீட்டுவா. நான் கட்டிலோரத்தில் இருந்து பெருவிரலில் தொடங்குவேன். மூன்றாவது விரலுக்கு வரும்போது அக்கா கண்ணை இறுக்கி மூடுவா.

"விடு தம்பி" என்பா. "நீ இழுக்கிறாய்."

பிறகு தன் வலது கையால் தானே அந்த விரலைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவா. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.